குறைந்த தரவும் குவிவு வரைபடமும்

நெதர்லாந்து நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கடலோரக் கரைகள் உடைந்தால் வயல்களும் ஊர்களும் நீரில் மூழ்கிவிடும். ஆகவே, கரையை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்ற கேள்வி அந்நாட்டு மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்துவந்துள்ளது. நெடுங்காலம் அதற்கு எளிய விடை ஒன்றையே அவர்கள் நம்பினர். அதுவரை வந்த வெள்ளங்களுள் மிக உயர்ந்தது எதுவோ, அந்த மட்டத்துக்குச் சற்று மேலே கரையை எழுப்பினர்.

1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இரவு வடகடலில் எழுந்த புயல் அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. ஹுக் வான் ஹாலந்து என்னும் துறைமுக நகரில், அந்நாட்டினர் உயரங்களை அளக்கப் பயன்படுத்தும் அடிப்படை மட்டத்திலிருந்து 3.85 மீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் ஏறியது. பல இடங்களில் கரைகள் உடைந்தன. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் உயிரிழந்தனர்.

இதுவரை கண்டவற்றுள் பெரியதுதான் இனி வரப்போவதிலும் பெரியது என்று எண்ணுவது மனித இயல்பு. தரவு குறைவாக இருக்கும்போது இந்த எண்ணம் இன்னும் எளிதாக ஏமாற்றிவிடும். கையில் இருக்கும் சில அளவுகளைக் கொண்டு, கையில் இல்லாதவற்றைப் பற்றி என்ன சொல்லலாம், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று ஆராய்வதற்குப் புள்ளியியலில் ஒரு கருவி உண்டு. அதன் பெயர் குவிவு நிகழ்தகவுப் பரவல். பெயர் அச்சுறுத்தினாலும் அதை வரைவதற்கு ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் அடிக்கோலும் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி பள்ளி செல்வதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் காத்திருக்கிறாள் என்பதை ஒன்பது நாள் குறித்துவைக்கிறாள் என எடுத்துக்கொள்ளலாம். அவள் குறித்த எண்கள் 8, 4, 11, 6, 23, 7, 3, 14, 9. இவற்றைக் கொண்டு அவள் முதலில் ஒரு பட்டைக் குறிவரைவு வரைய நினைக்கலாம். ஐந்தைந்து நிமிடங்களாகப் பிரித்தால் பட்டைகளின் உயரம் 2, 4, 2, 0, 1 என வரும். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரு குன்றைப் போல அது தோன்றும். அதே எண்களை எட்டெட்டு நிமிடங்களாகப் பிரித்தால் உயரம் 5, 3, 1 என மாறும். குன்று மறைந்து, மேலிருந்து கீழிறங்கும் சரிவுதான் தெரியும். எண்கள் மாறவில்லை; பிரித்த முறைதான் மாறியது. ஆயிரம் எண்கள் இருந்தால் இந்தக் குழப்பம் பெரிதாக இராது. ஒன்பது எண்களை வைத்துக்கொண்டு பட்டைக் குறிவரைவு வரைபவர், தரவின் உருவத்தைக் காண்கிறாரா, தாம் தேர்ந்தெடுத்த பிரிவுகளின் உருவத்தைக் காண்கிறாரா என்று சொல்வது கடினம்.

குவிவு வரைபடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் எந்த எண்ணும் ஒரு கூட்டத்துக்குள் தள்ளப்பட்டுத் தன் அடையாளத்தை இழப்பதில்லை. முதலில் எண்களை ஏறுவரிசையில் எழுத வேண்டும்: 3, 4, 6, 7, 8, 9, 11, 14, 23. கிடை அச்சில் நிமிடங்களைக் குறிக்க வேண்டும். செங்குத்து அச்சில் பூச்சியத்திலிருந்து 100 வரை விழுக்காட்டைக் குறிக்க வேண்டும். கோடு இடப்புறம் பூச்சியத்தில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணைச் சந்திக்கும்போதும் ஒரு படி மேலேறும். ஒன்பது எண்கள் இருப்பதால் ஒவ்வொரு படியின் உயரமும் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 11 விழுக்காடு. படம் ஒரு படிக்கட்டைப் போல அமையும். ஓர் இடத்தில் படிக்கட்டின் உயரம் எவ்வளவோ, அத்தனை விழுக்காடு நாள்களில் அந்த நேரத்துக்குள் பேருந்து வந்துவிட்டது என்பது பொருள்.

இந்தப் படிக்கட்டு நடந்து முடிந்த ஒன்பது நாள்களைப் பிழையின்றிக் காட்டுகிறது. ஆனால், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 23 நிமிடத்தில் கோடு 100 விழுக்காட்டைத் தொட்டுவிடுகிறது. இதை வருங்காலத்துக்கும் பொருத்திப் படித்தால், 23 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேரவே நேராது என்று ஆகிவிடும். பழைய கரைகளைக் கட்டியவர்கள் செய்ததும் இதே கணக்குத்தான்.

இதைத் தவிர்க்க, படிக்கட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளை இடும்போது வேறொரு விதி பின்பற்றப்படுகிறது. ஓர் எண்ணின் வரிசை இடத்தை மொத்த எண்ணிக்கையால் வகுக்காமல், மொத்த எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி, அதனால் வகுக்க வேண்டும். அதன்படி ஒன்பது எண்களுக்கும் முறையே 10, 20, 30 எனத் தொடங்கி 90 வரையான விழுக்காடுகள் கிடைக்கும்.

ஏன் ஒன்றைக் கூட்ட வேண்டும்? ஒன்பது எண்களும் எண்கோட்டை ஒன்பதாக அல்ல, பத்து இடைவெளிகளாகப் பிரிக்கின்றன. மூன்றுக்குக் கீழே ஓர் இடைவெளி, எண்களுக்கு நடுவே எட்டு இடைவெளிகள், 23க்கு மேலே ஓர் இடைவெளி. பத்தாம் நாள் எந்த இடைவெளியில் விழும்? எல்லா நாள்களும் ஒரே தன்மையுடையவை என்றால், பத்து நாள்களுள் எந்த நாளும் மிக நீண்ட காத்திருப்பாக அமைய ஒரே அளவு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே, பத்தாம் நாள் எல்லாவற்றையும் விஞ்சுவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று. மற்ற இடைவெளிகளுக்கும் அதே வாதம் பொருந்தும். இந்த வாதத்துக்குப் பேருந்தைப் பற்றியோ சாலை நெரிசலைப் பற்றியோ எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதுதான் வியப்பு. வரிசை இடத்தைக் கணக்கிட வேறு சில சூத்திரங்களும் உள்ளன. அரையைக் கழித்து வகுக்கும் முறை அவற்றுள் ஒன்று. நடுப்பகுதியில் எல்லா முறைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும்; இரு ஓரங்களில்தான் அவை வேறுபடும்.

புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்துவிட்டால் படத்தைப் படிக்கத் தொடங்கலாம். செங்குத்து அச்சில் 50 விழுக்காட்டிலிருந்து கிடையாகச் சென்று கோட்டைத் தொட்டுக் கீழே இறங்கினால் 8 நிமிடம் கிடைக்கும். இதுவே இடைநிலை அளவு. மறுதிசையிலும் படிக்கலாம். கிடை அச்சில் 10 நிமிடத்திலிருந்து மேலே சென்றால் கோடு 65 விழுக்காட்டில் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் பேருந்து வந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடு. வராமல் இருக்கும் வாய்ப்பு மீதி 35 விழுக்காடு. கோடு செங்குத்தாக ஏறும் பகுதியில் அளவுகள் நெருங்கிக் கிடக்கின்றன. கோடு சாய்ந்து நீளும் பகுதியில் அளவுகள் அரிது. பதினான்குக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில் உள்ள நீண்ட சரிவு, அங்கே நடந்தது என்ன என்று எதுவும் தெரியாத வெற்றிடம்.

அந்த 23 ஒரு தனிப்புள்ளி. அன்று பேருந்து பழுதாகியிருக்கலாம், மழை பெய்திருக்கலாம். அதை நீக்கிவிடலாமா? நீக்கினால் சராசரி 9.4 நிமிடத்திலிருந்து 7.8 நிமிடத்துக்கு இறங்கிவிடும். இடைநிலை அளவோ 8லிருந்து 7.5 ஆக மட்டுமே மாறும். குறைந்த தரவில் ஒரே ஓர் எண் சராசரியை எவ்வளவு இழுத்துச் செல்கிறது என்பதை இது காட்டுகிறது. ஆனால், புள்ளி அழகாக இல்லை என்பதற்காக அதை நீக்குவது நேர்மையாகாது. குறித்ததில் பிழை என்று தெரிந்தாலன்றி அது இருக்கத்தான் வேண்டும். பத்தில் ஒன்பது நாள்கள் நேரத்துக்குப் பள்ளி சேர விரும்பும் மாணவிக்கு அந்த ஒரு புள்ளிதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இன்னொரு நிலையும் ஏற்படலாம். ஒருநாள் 20 நிமிடம் காத்திருந்து பொறுமையிழந்து அவள் வாடகை வண்டியில் சென்றுவிட்டால், அந்த நாளை எப்படிக் குறிப்பது? ‘20’ என்று எழுதினால் பொய். விட்டுவிட்டால் நீண்ட காத்திருப்பு ஒன்று பட்டியலிலிருந்தே காணாமற்போகும். ‘இருபதுக்கு மேல்’ என்று எழுதுவதே சரி. மருத்துவ ஆய்வுகளிலும் இயந்திரச் சோதனைகளிலும் இத்தகைய முடிவுபெறாத அளவுகள் மிகுதியாக வருவதுண்டு. அவற்றைக் கையாளத் தனி முறைகள் இருக்கின்றன.

படத்தை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. ஒன்பது நாள்களின் இடைநிலை அளவு 8 நிமிடம். ஆண்டு முழுவதும் கணக்கெடுத்தால் கிடைக்கும் உண்மையான இடைநிலை அளவும் எட்டாகத்தான் இருக்குமா? இதை ஆராய ஒரு நாணயம் போதும். எந்த ஒரு நாளும் உண்மையான இடைநிலை அளவுக்கு மேலே விழவும் கீழே விழவும் சம வாய்ப்பு உண்டு. ஒன்பது நாள்களும் அதற்கு மேலேயே விழுவது, நாணயத்தை ஒன்பது முறை சுண்டி ஒன்பது முறையும் தலையே விழுவதைப் போன்றது. அதற்கான வாய்ப்பு 512இல் 1. எல்லாம் கீழேயே விழுவதற்கும் அதே வாய்ப்பு. ஓரங்களிலிருந்து ஓர் எண் உள்ளே வந்து கணக்கிட்டால், உண்மையான இடைநிலை அளவு 4க்கும் 14க்கும் இடையில் இருப்பதற்கான உறுதி 512இல் 492, அதாவது 96 விழுக்காடு. எட்டு என்று ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட, நான்குக்கும் பதினான்குக்கும் இடையில் என்று சொல்வது பார்ப்பதற்கு அழகில்லை. ஆயினும் ஒன்பது நாள் தரவு அவ்வளவுதான் சொல்லும்.

ரஷ்யக் கணிதமேதை கோல்மகோரோவ் 1933இல் இதை முழுக் கோட்டுக்கும் விரிவாக்கினார். அவரது வழியில் கணக்கிட்டால், 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் ஒன்பது அளவுகள் கொண்ட படிக்கட்டின் மேலும் கீழும் ஏறத்தாழ 43 விழுக்காட்டுப் புள்ளிகள் அகலத்துக்கு ஒரு பட்டையை வரைய வேண்டும். உண்மைக் கோடு அந்தப் பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். அளவுகள் நூறானால் பட்டையின் அகலம் ஏறத்தாழ 13 புள்ளிகளாகச் சுருங்கும். பட்டையைப் பாதியாக்க வேண்டுமானால் தரவை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும். எனினும், ஒன்பது நாள்களும் ஒரே மழைவாரத்தில் எடுக்கப்பட்டவை என்றால், அல்லது எல்லாம் திங்கட்கிழமைகள் என்றால், எந்தப் பட்டையும் உதவாது. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பது வரைபடத்தில் தெரிவதே இல்லை.

பொறியாளர்கள் இன்னொரு வழியில் இந்தப் படங்களைப் பயன்படுத்தினர். சாதாரண வரைபடத்தாளில் குவிவுக் கோடு பெரும்பாலும் வளைந்து செல்லும். அது எந்த வகை வளைவு என்று கண்ணால் அறிவது அரிது. ஒரு கோடு நேராக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எனவே, வளைவு நேராகும் வண்ணம் அச்சின் அளவுகளை நீட்டியும் சுருக்கியும் அச்சிட்ட தனித் தாளை உருவாக்கினர். அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் நீர்த்தேக்கங்களைப் பற்றி 1914இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நிகழ்தகவுத் தாளைப் பயன்படுத்தினார். சுவீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வெய்புல் 1951இல் வெளியிட்ட கட்டுரையில் எஃகின் வலிமை, இந்தியப் பருத்தி இழையின் வலிமை, அவரை விதையின் அகலம் எனத் தொடர்பில்லாத பலவற்றுக்கும் ஒரே வகைக் கோட்டைப் பொருத்திக் காட்டினார்.

மின்விசிறியிலும் மிதிவண்டிச் சக்கரத்திலும் இருக்கும் பேரிங் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது குறைந்த தரவுக்குச் சிறந்த சான்று. அதைச் சோதிக்க, அது உடையும்வரை சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சோதனையும் ஒரு பேரிங்கை அழித்துவிடும். ஆகவே, ஆயிரக்கணக்கில் சோதிக்க முடியாது. 1956இல் அமெரிக்காவில் லிப்லைன், செலன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுக்கப்பட்ட, 23 பேரிங்குகளின் பட்டியல் ஒன்று இன்றுவரை பாடநூல்களில் பயன்படுகிறது. முதலில் உடைந்தது 1 கோடியே 78 லட்சத்து 80 ஆயிரம் சுற்றில். கடைசியாக உடைந்தது 17 கோடியே 34 லட்சம் சுற்றில். சராசரி ஏறத்தாழ 7 கோடியே 22 லட்சம். இடைநிலை அளவு 6 கோடியே 78 லட்சம்.

வாங்குபவருக்கு இந்தச் சராசரியால் பயன் குறைவு. ஏழு கோடிச் சுற்று உழைக்கும் என்று நம்பி வாங்கினால், பாதிக்கு மேற்பட்ட பேரிங்குகள் அதற்கு முன்பே உடைந்துவிடும். அதனால்தான் பேரிங் தொழிலில் பத்து விழுக்காட்டுப் புள்ளியை ஆயுளாகக் கொள்கின்றனர். நூற்றில் பத்து உடைந்து, தொண்ணூறு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் சுற்று எண்ணிக்கை அது. 23 அளவுகளுள் இரண்டாவது, 2 கோடியே 89 லட்சம், 24இல் 2, அதாவது 8.3 விழுக்காட்டில் வருகிறது. மூன்றாவது, 3 கோடியே 30 லட்சம், 12.5 விழுக்காட்டில் வருகிறது. ஆகவே, பத்து விழுக்காட்டுப் புள்ளி ஏறத்தாழ 3 கோடியே 5 லட்சம் சுற்று. சராசரியில் பாதிகூட இல்லை. நிறுவனம் அளிக்கும் உறுதிமொழி 23 அளவுகளின்மீது நிற்பதைப்போலத் தோன்றினாலும், உண்மையில் அதைத் தாங்கி நிற்பவை இடது ஓரத்தில் உள்ள இரண்டு மூன்று புள்ளிகளே.

நெதர்லாந்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே தேவைப்பட்டது புள்ளிகளுக்கு வெளியே இருக்கும் இடம். பேரழிவுக்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1939இல், வெமல்ஸ்ஃபெல்டர் என்னும் பொறியாளர் ஹுக் வான் ஹாலந்தில் 1888 முதல் 1937 வரை பதிவான நீர்மட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உயரத்தையும் கடல் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை முறை தாண்டியது என்று எண்ணினார். பத்து, ஒன்று, பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று எனப் பத்துப் பத்தாகச் சுருங்கும் அச்சில் அவற்றைக் குறித்தபோது, புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமைந்தன. அந்தக் கோடு கடைசிப் புள்ளியோடு நிற்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அது மேலே சென்றுகொண்டே இருந்தது. கண்ட வெள்ளங்களைவிட உயர்ந்த வெள்ளம் வரும். எப்போதாவது, ஆனால் வரும்.

1953 வெள்ளத்துக்குப் பின் அமைக்கப்பட்ட டெல்டா குழு இந்த வழியைத்தான் பின்பற்றியது. கணிதப் பேராசிரியர் டேவிட் வான் டான்ட்சிக் கணக்குகளை ஆராய்ந்தார். கரையை உயர்த்துவதற்கு ஆகும் செலவையும், வெள்ளத்தால் ஏற்படக்கூடிய இழப்பையும் அவர் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார். நாட்டின் மக்கள் நெருக்கமான நடுப்பகுதியில், ஓர் ஆண்டில் கடல் கரையின் அளவைத் தாண்டும் வாய்ப்பு 10,000இல் 1க்கு மேல் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. ஹுக் வான் ஹாலந்தில் அது அடிப்படை மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம். சில பத்தாண்டுகளின் பதிவுகளைக் கொண்டு பத்தாயிரம் ஆண்டு தொலைவுக்குக் கோட்டை நீட்டினார்கள் என்பதை அக்குழுவினர் அறியாமல் இல்லை. புள்ளிகள் முடிந்த இடத்துக்கு அப்பால் கோடு என்பது தரவன்று. கடலும் காற்றும் இதுவரை நடந்துகொண்டபடியே இனியும் நடந்துகொள்ளும் என்ற அனுமானம். கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் அந்த அனுமானத்தை அவ்வப்போது திருத்த வேண்டியுள்ளது.

இத்தகைய எண்களைச் சொல்லும் முறையிலும் ஒரு குழப்பம் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கால்வாய்களை வடிவமைக்கும் பொறியாளர்கள், ‘நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் மழை’ போன்ற அளவுகளைக் கையாள்கின்றனர். இதைக் கேட்பவர், சென்ற ஆண்டு அப்படியொரு மழை பெய்துவிட்டால் இனி நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டிலும் அந்த மழை பெய்யும் வாய்ப்பு 100இல் 1 என்பதுதான். சென்ற ஆண்டு பெய்ததை இந்த ஆண்டின் வானம் நினைவில் வைத்திருப்பதில்லை. ஓர் ஆண்டு தப்பிக்கும் வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டுகளும் தப்பிக்கும் வாய்ப்பை அறிய, 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.74. முப்பது ஆண்டு வீட்டுக் கடன் வாங்கித் தாழ்வான இடத்தில் குடியேறும் குடும்பம், கடனைக் கட்டி முடிப்பதற்குள் அந்த மழையை ஒருமுறையேனும் காண்பதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்.